பிரதர் டெல்மரின் வலது கை

ஓல்ட் ஃபெரி ஊரில் ஹாய்ட் கடையில் பழைய கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு அதன் பழைய சொந்தக்காரரின் கையும் சேர்ந்தே கிடைக்கும். பிடியைப் பற்றினால் உள்ளேயிருந்து இன்னொரு கை பற்றும், அவ்வளவுதான். சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் அந்தக் கை வெதுவெதுப்பாக இருக்கும், இறந்திருந்தால் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கைக்கு விலை கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் இறந்தவர் மனம் மாறித் திருப்பிக் கேட்டு வரமாட்டார். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கையைக் குலுக்கி ஒரு வார்த்தை நலம் விசாரிப்பது மரியாதை. வாங்கியவர் தானே பார்த்து எடுத்த முதல் பெட்டித் தோட்டாவைச் சுட்டுத் தீர்த்ததும் பழைய கை விலகி, அந்த இடத்தில் அவருடைய கை குடியேறிவிடும். விலகிய கை ஊருக்குள் இருப்பவரிடம் திரும்பிவிடும், ஊர் எல்லையைத் தாண்டிப் போகாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியைவிட முதல் பெட்டியைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் மற்ற ஊர்களில் இப்படியெல்லாம் கிடையாது என்கிறார்கள். மற்ற ஊர்களில் மழை எப்படிப் பெய்கிறது என்றும் இவர்கள் கேட்டதில்லை.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் நெல்டா ஸ்ட்ராட் அந்தக் கடைக்குள் அதற்கு முன் நுழைந்ததே இல்லை. அவள் கணவன் டெல்மர் இருபது வருடம் கிறிஸ்தவ சபையின் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வரவேற்றவன். மர அறுவை மில்லில் மோதிர விரலின் நுனியைப் பறிகொடுத்தவன். கை குலுக்கி முடிக்கும்போது கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தி விடுவது அவன் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு கை கொடுத்தாலும் அது பிரதர் டெல்மர் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வசந்தத்தில் அவன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான். படகு மட்டும் தானாகக் கரைக்குத் திரும்பி வந்தது. முக்குளிப்பவர்கள் தேடிக் களைத்த பிறகு, அவனுடைய மீன்பிடித் தொப்பியையும் ஞாயிற்றுக்கிழமை டையையும் ஒரு சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். ஊரே பன்றித் தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்து, தின்று, அழுதது. எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் டெல்மரின் தங்கை வெர்லீன்.

உடல் கிடைக்காததால் நெல்டாவுக்குத் தன்னை விதவை என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. வாசல் விளக்கை அணைத்ததே இல்லை. தீவனக் கடை ஆர்வில், நல்ல மனிதன், வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக் கூட வரச்சொல்லி வருடா வருடம் கேட்டுப் பார்த்தான். என் புருஷன் வந்துவிட்டால் என்ன நினைப்பான் என்று அவள் ஒவ்வொரு முறையும் மறுத்தாள். ஆர்வில் அதையே கேட்டுக் கேட்டுக் கிழவனாகி, ஒருநாள் கடையின் மூட்டைகளுக்கு நடுவில் மாரடைப்பால் செத்துப்போனான். அவன் அடக்கத்துக்கு நெல்டா பீச் பழ கேக் செய்து எடுத்துப் போனாள். அதுதான் அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சுவார்த்தை.

அந்த இலையுதிர் காலத்தில் கிராவல் ரோடு நெடுக ஏசி பெட்டிகளைப் பிளந்து செம்புக் குழாயைத் திருடிக்கொண்டு போனார்கள். கூப்பிட்டால் ஷெரிஃபின் ஆள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். ரோட்டின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் நெல்டா ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவு செய்தாள். சனிக்கிழமைகளில் நாத்தனாரும் அவளும் சேர்ந்தே கடை கண்ணிக்குப் போவார்கள், அன்றும் சேர்ந்தே போனார்கள். வழியெல்லாம் வெர்லீன் புதுசே வாங்கு, பழசு வேண்டாம், அடுத்தவன் கையை எதற்குத் தொட்டுக்கொண்டு என்று நச்சரித்தாள். நெல்டா ஒரு டவலைக்கூட விலை குறைப்பில் வாங்குகிறவள். அவள் நேராகப் பழைய துப்பாக்கிகளின் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், கடைசி வரிசையில் ஒரு துணிக்குப் பின்னால் கிடந்த ஒன்பது மில்லிமீட்டர் குட்டித் துப்பாக்கியைக் காட்டினாள்.

ஹாய்ட் வாய்க்குள் ஏதோ முனகினான். அது ஸ்பிரிங் சரியில்லை என்றான், பிறகு அது வேறொருவருக்குப் பேசி வைத்தது என்றான். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லாமல் எடுத்து, தோட்டாக் கூட்டைக் கழற்றி, மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளே காலி என்று காட்டி, குழாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினான். உறையில் உரசி ஓரம் வெளுத்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காப்பிப் பானைக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் தங்கள் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நெல்டா பிடியைப் பற்றினாள்.

கை வெதுவெதுப்பாக இருந்தது. மோதிர விரல் நுனி இல்லாமல் குட்டையாக இருந்தது. கட்டை விரல் இரண்டு முறை அழுத்தியது.

அவள் கத்தவில்லை, மயங்கி விழவும் இல்லை. எதிரே இருந்தவர்களின் முகத்தைத்தான் பார்த்தாள். ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. டெல்மர் உயிரோடு இருக்கிறான் என்பதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

"இது எப்ப வந்துச்சு, ஹாய்ட்?"

"பீச் பழ சீசன்ல, மிஸ் நெல்டா."

"யாரெல்லாம் புடிச்சுப் பாத்தாங்க?"

ஹாய்ட் கண்ணாடியைத் துடைத்தான். "கடைக்கு வந்தவங்க எல்லாரும்தான். யாராச்சும் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சபைப் பொறுப்பாளரான டீக்கன் சொல்லியிருப்பார் என்று போதகர் நினைத்தார். போதகர் சொல்லியிருப்பார் என்று டீக்கன் நினைத்தார். பாதி ஊர் வந்து செத்தவனோடு கை குலுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறது. துப்பாக்கியைக் கொண்டுவந்து விற்றது யார் என்று நெல்டா கேட்கவே இல்லை. வெர்லீன் தானாகவே உளற ஆரம்பித்துவிட்டாள்.

"படகு இன்ஜினுக்குப் பணம் வேணும்னு அவன் துப்பாக்கிய என்கிட்ட குடுத்து விக்கச் சொன்னான் நெல்டா, நான் என்னடி பண்ணட்டும், கூடப் பொறந்தவனாச்சே. மிசௌரியில தூண்டில் புழு விக்கிறான். வேற பொம்பளையெல்லாம் இல்லடி, சத்தியமா. இங்க மூச்சு முட்டுதுன்னான், அவ்ளோதான்."

"அவன் பொட்டிக்கு முன்னால எப்படி அழுத நீ! நான்ல உனக்குத் தண்ணி குடுத்துத் தேத்துனேன்."

மிசௌரி எல்லை அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். பதினோரு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூரத்துச் சித்தி ஒருத்தியைப் பார்க்க வெர்லீன் அந்தப் பக்கம் போய் வந்ததும், போகும்போது நெல்டா செய்த பெக்கான் பருப்புப் பலகாரத்தை வாங்கிப் போனதும் இப்போது நெல்டாவுக்கு நினைவு வந்தது. டெல்மர் அதைத் தின்றிருக்கிறான்.

சங்கடத்தை மறைக்க ஹாய்ட் தோட்டாப் பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கி, நிறுத்தாமல் விளக்கினான். இது உருண்டை மூக்கு, மலிவு, மண்மேட்டில் சுட்டுப் பழக ஏற்றது, ஆனால் ஆளையும் துளைத்துச் சுவரையும் துளைத்து அடுத்த அறை வரை போகும். இது முனையில் குழி விழுந்தது, விலை அதிகம், பட்ட இடத்திலேயே விரிந்து நின்றுவிடும், வீட்டுக்கு இதுதான் நல்லது. சில குட்டித் துப்பாக்கிகளுக்குக் குழித் தோட்டா தொண்டையில் சிக்கும், அதனால் இதிலும் கொஞ்சம் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். நெல்டா முழுவதையும் கேட்டுவிட்டு, தோட்டா எதுவும் வேண்டாம் என்றாள்.

"தோட்டா இல்லாம துப்பாக்கி எதுக்கு, மிஸ் நெல்டா?"

"கை குடுக்க."

அடுத்த ஞாயிறு காலை அவள் சபை வாசலில், டெல்மர் நின்ற அதே இடத்தில் நின்றாள். தோட்டாக் கூட்டைக் கழற்றி, மேல் பாகத்தைத் திறந்தே வைத்து, குழாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பிடியை வருகிறவர்கள் பக்கம் நீட்டினாள். அந்த ஊர்க்காரர்கள் எதைச் செய்தாலும் செய்வார்கள், நீட்டிய கையை மட்டும் தட்ட மாட்டார்கள். போதகர் முதலில் குலுக்கினார், காது சிவந்து உள்ளே போனார். டீக்கன் குலுக்கினார். காப்பிப் பானைக்காரர்கள் மூன்று பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குலுக்கினார்கள். வெர்லீன் கார் நிறுத்தத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று பாட்டுச் சத்தம் குறைவாகவே கேட்டது என்று ஆர்கன் வாசித்த பெண் பிறகு சொன்னாள். நெல்டாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் வெட்கம் என்பது மான் வேட்டைக் காலம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை. ஊர் பழகிக்கொண்டது. பழகியதோடு நிற்காமல் ரசிக்கவும் ஆரம்பித்தது. பிரதர் டெல்மரின் பிடி அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் மாறவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். குளிர் நாளில் அந்தச் சூட்டுக்காகவே வயதானவர்கள் இரண்டு முறை வரிசையில் வந்தார்கள். யாரோ பிடிக்குச் சின்னதாக ஒரு கம்பளி உறை பின்னிக் கொடுத்தார்கள். ஜனவரியில் அவன் பிறந்தநாளுக்கு ஒருத்தி வாழைப்பழப் புட்டிங்கைக் கொண்டுவந்து நெல்டாவின் கையில் திணித்து, "பிரதர் டெல்மருக்கு இதுன்னா உசுராச்சே" என்று கண் கலங்கினாள். அந்த ஊரில் பதினோரு வருடம் தனியாகத் தூங்கியவளுக்கு ஒரு வாய் புட்டிங் யாரும் கொடுத்ததில்லை. நெல்டா அதை அப்படியே கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்து நாய்க்கு வைத்தாள். அது நக்கித் தீர்க்கும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு ஹாய்ட் கடைக்குப் போனாள். எந்தப் பெட்டி என்று அவன் கேட்டான். டெல்மரின் கையை அனுப்ப இருப்பதிலேயே மலிவான உருண்டை மூக்கு ஒன்று, அதற்கப்புறம் வீட்டுக்கு என்று விலை உயர்ந்த குழித் தோட்டா ஒன்று என்றாள். "அவனுக்கு நல்லதைச் செலவழிக்க மாட்டேன்" என்றாள். கடைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டின் முன்னால், காதை மூடும் கவசம் போட்டுக்கொண்டு சுட்டாள். ஹாய்ட் பின்னால் நின்று தோளைத் தளர்த்துங்கள் என்றான். முதல் சில தோட்டாக்களுக்குக் கை ஒன்றும் செய்யவில்லை. பிறகு சுண்டு விரல் விலகியது. குட்டை மோதிர விரல் விலகும்போது நெல்டாவின் கண்ணில் நீர் முட்டியது; அந்த விரலுக்கு மில்லிலிருந்து வந்த அன்று கட்டுப் போட்டவள் அவள். நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி சுட்டாள். கடைசித் தோட்டா மிஞ்சியபோது கட்டை விரல் மட்டும்தான் இருந்தது. அது இரண்டு முறை அழுத்தியது. மன்னிப்பா, வழக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சுட்டாள். அன்று மாலை வாசல் விளக்கையும் அணைத்தாள்.

மிசௌரியில் அதே பிற்பகலில் டெல்மரின் கையிலிருந்து புழு டப்பா நழுவியது. வலி ஒன்றும் இல்லை, விரல்கள் எல்லாம் அசைந்தன, ஆனால் அவன் கை கொடுத்தால் எதிராளிக்கு எதுவும் தெரியவில்லை. கையைப் பிடித்தவர்கள் தங்கள் விரல்களையே தொட்டுக்கொண்டு விழித்தார்கள். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. ஈஸ்டர் ஞாயிறு அன்று அவன் ஓல்ட் ஃபெரிக்கே திரும்பி வந்தான், புதுச் சட்டை, டை இல்லை. சபை வாசலில் பழைய இடத்தில் நெல்டா நின்றுகொண்டிருந்தாள். அவன் எதிர்ப்பக்கம் நின்று கையை நீட்டினான். வந்தவர்கள் எல்லாரும் குலுக்கினார்கள். நீட்டிய கையை அவர்கள் தட்டமாட்டார்கள் அல்லவா. குலுக்கிப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. முகத்தைவிடக் கையை நம்பிப் பழகிய ஊர் அது. அதனால் டெல்மர் அன்றைக்கே ஏரியில் மூழ்கிப் போய்விட்டான் என்றும், அடக்கம் சரியாகத்தான் நடந்தது என்றும் முடிவு செய்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வெர்லீனும் குலுக்கினாள், பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், பிறகு அழுதுகொண்டே உள்ளே போனாள். இந்த முறை அவள் அழுகையில் சத்தம் இல்லை.

"நெல்டா, நான்தான். நீயாச்சும் சொல்லேன் அவங்ககிட்ட."

நெல்டா அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். கொஞ்சம் தொப்பை வைத்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அவள் செய்த பெக்கான் பலகாரத்தின் தொப்பையாகவும் இருக்கலாம்.

"யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அதன் பிறகு டெல்மர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஏரிக்கரையில் ஒரு டிரெய்லரில் இருக்கிறான், ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறான். அவனைத் துரத்துவதில்லை, நகர்ந்து இடம் விடுகிறார்கள். சாப்பாட்டு நாளில் தட்டுகள் அவனைத் தாண்டிப் போகின்றன. போதகர் ஒருமுறை அவனிடம் அன்பாக, உன் கல்லறையை வருடா வருடம் புல் வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம், கவலைப்படாதே என்று சொன்னார். வாசலில் நிற்கும் வேலை இப்போது நெல்டாவுடையது. அவள் ஊரில் ஒருவரையும் மன்னிக்கவில்லை. எல்லாருக்கும் கை கொடுக்கிறாள், கையை முதலில் எடுப்பதும் அவள்தான். செம்புத் திருடர்கள் அவள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. துப்பாக்கி கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் குழித் தோட்டாக்களோடு இருக்கிறது. தூக்கம் வராத நாட்களில் அவள் அதை எடுத்துப் பிடிக்கிறாள். உள்ளேயிருந்து அவளுடைய கையே அவளைப் பிடித்துக்கொள்கிறது.