கீழ் எண்

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த வேலை, என் பிரிண்டரில் ஒரு சோதனைத் தாள் எடுத்தது. நான்கு நிறங்களில் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும் தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நீலத்துல ஒரு கோடு வரலை. நீ பாட்டுக்குக் கிளீனிங் போட்டுடாதே, சாயந்தரம் வந்து பார்க்கறேன்."

மை அடைப்பு நீங்க ஒவ்வொரு முறை கிளீனிங் போடும்போதும் கொஞ்சம் மை வீணாகி, இயந்திரத்தின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் இறங்கும். ஸ்பாஞ்ச் நிறைந்தால் இயந்திரம் நின்றுவிடும். அவரோடு குடும்பம் நடத்திய இருபத்தாறு வருடத்தில் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சரி என்று தலையாட்டினேன். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்.

பதினொன்றரை மணிக்கு, லிஃப்ட் வேலை செய்யாத ஓர் அலுவலகத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, கையிலிருந்த பதினெட்டு கிலோ பிரிண்டரைப் பதமாகத் தரையில் இறக்கி வைத்தாராம். அதன் பக்கத்தில் உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த அந்த அலுவலகத்தார், மிஷினில் ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிரிண்டர் விற்பதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். கடைத்தெருவில் அவருக்குச் 'சின்ன எழுத்து' என்று பெயர். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை யாராவது வாசித்தால், பெட்டியைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதை இவர் வாசித்துக் காட்டுவார். ஒருமுறை ஒரு பள்ளி குமாஸ்தா, மாசத்துக்கு ஐயாயிரம் பக்கம் என்று போட்டிருக்கும் மிஷின் எட்டே மாதத்தில் படுத்துவிட்டது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடையில் வந்து சத்தம் போட்டார். நான் அன்று கடையில் இருந்தேன்.

"அவன் ஏமாத்தலை சார். ஒரு மாசத்துக்குன்னு போட்டிருக்கான். மாசாமாசம்னு நீங்களா படிச்சுக்கிட்டீங்க," என்றார் இவர். "பஸ்ஸைப் பிடிக்க ஒரு நாள் ஓடுவீங்க. அந்த வேகத்துலயே தினம் ஆபீசுக்கு ஓடி வாங்கன்னா வருவீங்களா?"

குமாஸ்தா தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

அந்த ஐயாயிரம், ஏதோ ஓர் அவசர மாதத்தில் இயந்திரம் உடையாமல் தாங்கும் உச்சம். மாதா மாதம் போட்டால் நல்லது என்று கம்பெனியே சொல்லும் அளவு சின்ன எழுத்தில் இருக்கும்; அது முந்நூறோ ஐந்நூறோதான். மொத்த ஆயுள் அதற்கும் கீழே இருக்கும்: இத்தனை வருடம் அல்லது இத்தனை பக்கம், எது முந்துகிறதோ அது. அவர் விற்ற ஒவ்வொரு மிஷினுக்கும், அதன் காகிதங்களைப் போட்டுவைத்த ஒரு பிளாஸ்டிக் உறை அவர் அலமாரியில் உண்டு. உறை மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: மாடல், அதற்குக் கீழே 'மேல் எண்', அதற்கும் கீழே 'கீழ் எண்'. மேல் எண் விற்கிறவனுக்கு, கீழ் எண் வாங்கறவனுக்கு என்பார். கீழ் எண்ணைச் சொல்லாமல் ஒரு மிஷினையும் அவர் விற்றதில்லை.

அவர் போன இருபத்து மூன்றாம் நாள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். முதல் தாள் வெளியே வருவதற்குள் பிரிண்டரின் திரையில் ஓர் அறிவிப்பு: மை உறிஞ்சும் ஸ்பாஞ்ச் முடிவை நெருங்குகிறது. என்ன ஸ்பாஞ்ச், எந்த அளவு என்று பார்க்க, அவருடைய அலமாரியைத் திறந்து என் மிஷினின் உறையை உருவினேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னோர் உறையும் வந்தது.

சீட்டில் இப்படி இருந்தது. மாடல்: நான். மேல் எண்: 140. கீழ் எண்: ஐந்து கிலோ, மாடி கூடாது.

உள்ளே ஒரே ஒரு தாள். பதினொரு மாதத்துக்கு முன்னால் எடுத்த இதயப் பரிசோதனை அறிக்கையின் இரண்டாம் பக்கம். ஐந்து கிலோவும் மாடியும் டாக்டர் அதில் விதித்திருந்த எல்லை.

முதல் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் காத்திருந்தேன். வியர்த்து நனைந்த சட்டையோடு வெளியே வந்தவர், தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். டிரெட்மில்லில் ஓடவிட்டதில், இதயம் நிமிடத்துக்கு நூற்று நாற்பது துடிப்பு வரைக்கும் போனதாம். "மிஷின்தான் நின்னுச்சு, நான் நிக்கலை," என்றார். நான் சிரித்தேன். நெஞ்சில் ஒரு வாரமாக இருந்த பாரம் இறங்கிச் சிரித்தேன். ஒற்றெழுத்து ஒன்று குறைந்தால் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், தாளின் மூலையில் '1/2' என்று இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காதபடி அவர் கட்டைவிரல் அங்கே இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவரோடு பதினாறு வருடம் வேலை பார்த்த மெக்கானிக், உறை கிடைத்த அன்று மாலை, அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். உறையை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எப்போலேருந்து?"

"சீட்டு எழுதின அன்னிக்கே காட்டினார். சத்தியம் வாங்கிட்டார். அவளுக்குத் தெரிஞ்சா என்னை ஷோகேஸ்ல வச்சுப் பூட்டிடுவான்னு சொல்லிச் சிரிச்சார்."

கனமானதை எல்லாம் தானே தூக்கியதாகவும், அவர் போன அன்றைக்கு மட்டும் வேறு ஒரு கடையில் மாட்டிக்கொண்டதாகவும் சொன்னார். தான் வரும்வரை காத்திருக்கும்படி அவரிடம் போனில் சொன்னாராம். என்ன பதில் வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

"ஒரு தடவைதானே, மாசாமாசமான்னார் அண்ணி."

பூட்டித்தான் வைத்திருப்பேன். அதில் சந்தேகமே வேண்டாம். கடைச் சாவியைப் பிடுங்கியிருப்பேன், படுக்கையைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருப்பேன், மாடி வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் விட்டிருக்க மாட்டேன். அவர் என்னை வைது தீர்த்திருப்பார். வைதுகொண்டு உயிரோடு இருந்திருப்பார். அது தெரிந்துதான் மறைத்திருக்கிறார். முன்பின் தெரியாத குமாஸ்தாவுக்குப் பெட்டியைத் திருப்பிக் காட்டிய மனுஷன், எனக்கு மேல் எண்ணை மட்டும் காட்டி, பதினொரு மாதம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறார். எனக்குத்தான் அவர் பெரிய எழுத்தில் விற்றிருக்கிறார்.

கிளம்பும்போது மெக்கானிக், பிரிண்டர் திரையைப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்ச் கணக்கைச் சாப்ட்வேரில் அழித்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார். ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

"எண்ணை அழிச்சா ஸ்பாஞ்ச் காஞ்சிடுமா?" என்று கேட்டேன். அது, அவர் அண்ணன் என்று கூப்பிட்டவர் கேட்டிருக்கும் கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினார். போய்விட்டு வருகிறேன் என்றார். வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து, போடாதே என்று அவர் சொல்லிவிட்டுப் போன கிளீனிங்கைப் போட்டேன். மை உறிஞ்சி இறங்கும் சத்தம் கேட்டது. நிறையட்டும் என்று இன்னொரு முறை போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். பிறகு சோதனைத் தாளை எடுத்து, அவர் நின்ற இடத்தில் நின்று, சன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

கறுப்பு முழுதாக இருந்தது. சிவப்பும் மஞ்சளும் முழுதாக இருந்தன. நீலத்தில் ஒரு கோடு வரவில்லை.