எறையூர்க் கல்யாணத்தில் ஜாஸ்

பெரம்பலூரில் மைக் செட் பழனிவேலைத் தூரத்தில் பார்த்தாலே ஆட்கள் சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். காரணம், அவர் சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவ். ஜாஸ் டிரம்ஸ்காரர் ஒருவர் தன் ஆயுளில் வாசித்ததிலிருந்து, கரண்டு வாத்தியம் கலக்காததாகப் பழனிவேல் பார்த்துப் பொறுக்கிய பதினாலு உருப்படிகள் அதில் இருந்தன. பியானோ, ஆள் உயரப் பிடில் மாதிரி நிற்கும் டபுள் பாஸ், சாக்ஸபோன், டிரம்ஸ், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆளாவது அதில் ஒன்றை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக அவருக்கு ஏக்கம். மனைவி சாந்தாவோ மூன்றாம் நிமிடத்தில் மிக்ஸியை ஓடவிட்டுவிடுவாள்.

எறையூர் முத்துசாமி மகள் கல்யாணத்தில்தான் வழி பிறந்தது. அரியலூரிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்களின் வேன் வழியில் பஞ்சர். "எதையாவது போட்டு வைப்பா" என்றார் முத்துசாமி. அந்த 'எதையாவது' எது என்று பழனிவேல் விளக்கம் கேட்கவில்லை. ஒன்பதாவது உருப்படியைப் போட்டார்.

கையில் அட்சதையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடவா முடியும்? டிரம்ஸ்காரர் முதலில் முறத்தில் அரிசி புடைப்பதுபோலச் சும்மா உரசிக்கொண்டிருந்தார். பியானோவைப் பேசவிட்டு, சாக்ஸபோனைப் புலம்பவிட்டு, பஞ்சாயத்தில் வாய் திறக்காத தாய்மாமன் மாதிரி பொறுமை காத்தார். பிறகு மற்றவர்கள் ஒதுங்க, ஆரம்பித்தார் பாருங்கள்!

கெட்டிமேளம்தான் என்று முடிவுகட்டிப் பின்வரிசையில் யாரோ அட்சதையை வீசினார். ஒரு கை வீசினால் போதாதா, மண்டபமே வீசியது. பதறிப்போன மாப்பிள்ளை வேல்முருகன் தாலிக்குக் கையை நீட்டினால், தாலி அங்கே இல்லை. ஆசீர்வாதத்துக்குச் சுற்றப்போன தட்டோடு ஏழாவது வரிசையில் கலியம்மாள் மடியில் இருந்தது.

முத்துசாமி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். இனி எந்த விசேஷத்துக்கும் உன்னைக் கூப்பிட விடமாட்டேன் என்று கத்தினார். பழனிவேலுக்கோ டிரம்ஸ் பாதியில் அறுந்ததுதான் கவலை.

புதிதாக அட்சதை கலக்கச் சமையல்கட்டுக்கு ஆள் ஓடியது. மணப்பெண் சண்முகப்பிரியா, தலையெல்லாம் அரிசியாக, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பிளக்க மாட்டுங்க. அண்ணே, மொதல்லேருந்து போடுங்க. அரிசி வர்ற வரைக்கும் கேப்போம்."

கல்யாணப் பெண் கேட்டு மறுக்க முடியுமா? முத்துசாமியே பிளக்கை மாட்டினார். சண்முகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். பழனிவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடையோரம் ஓடிப்போய், "இப்ப பியானோ ஒதுங்கும் பாரும்மா, அங்கதான் மனுசன்..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "செத்த பேசாம இருங்கண்ணே. கேக்க விடுங்க."