தெற்கே நாலு செண்டு

"மூணு முழம்தான் வருது மதினி," என்று ஜன்னலுக்கு வெளியே நின்று குற்றாலிங்கம் பிள்ளை சொன்னார். வீட்டின் தெற்குச் சுவருக்கும் பாதைக்கும் நடுவிலிருந்த மண்ணை மூங்கில் கம்பால் அவர் அளப்பது அது மூன்றாவது தடவை. எத்தனை தடவை அளந்தால் என்ன, மண் வளரவா போகிறது?

உள்ளே கூடத்தில் அவருடைய அண்ணன் பொன்னம்பலம் பிள்ளை தெற்கே தலைவைத்துக் கிடந்தார். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் கேட்டவர், மரகதவல்லி செம்போடு வருவதற்குள் போய்விட்டார். அவள் ஒரு பாட்டம் அழுது ஓய்ந்துவிட்டாள். இப்போது கோபம்தான் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் சொந்த வீடு உள்ளவனை அவனவன் விளையின், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தின், தெற்கு மூலையில்தான் எரிப்பார்கள். விளையில் நிற்கும் மாமரத்தை வெட்டி அதையே விறகாக்குவார்கள். ஆற்றங்கரைப் புறம்போக்குக்குப் போவதெல்லாம் நாதியற்ற பிணங்கள். ஊருக்கெல்லாம் நிலம் பிரித்துக் கொடுத்த மனுஷனுக்கு எரிய இடமில்லை என்றால் சிரிப்பதா, அழுவதா?

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தெட்டில், பொன்னம்பலம் பிள்ளை சர்க்கார் கண்டெழுத்தில் நிலம் அளக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து, 'தென்கரை பூமி விருத்திக் கம்பெனி' என்று வாசலில் பலகை மாட்டினார். கம்பெனி என்றால் ஒரு மேசை, ஒரு அளவுச் சங்கிலி, எழுதிப்போட கிருஷ்ணன்குட்டி என்று ஒரு குமஸ்தா. அவ்வளவுதான். மேற்கே பாறையும் முள்ளுமாகக் கிடந்த குன்றை முதலில் வாங்கினார். வெடிவைத்துப் பாறையை உடைத்தார், கிணறுகள் வெட்டினார், துண்டு துண்டாகப் பிரித்து விற்று ஆதாரம் என்கிற கிரையப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் பாறசாலைப் பக்கம் ஒரு சந்தைத் தெரு. அதற்கப்புறம் ஆற்றோரச் சதுப்பை மண் போட்டுத் தூர்த்து வீட்டு மனைகள். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல்கள்கூட அவரைக் 'கம்பெனிப் பிள்ளை' என்றுதான் சொல்வார்கள்.

குன்றுக்கு வண்டிப்பாதை வேண்டியிருந்தபோது ஒருவரும் இடம் தரவில்லை. தன் வீட்டுத் தெற்கு விளையையே மாமரங்களோடு அழித்துப் பாதையாக்கினார். "அத்தனை பேரும் போறதுக்கு வழி வேணுமில்லியா, மரகதம்?" என்றார். உமக்குப் போக வழி எங்கே என்று அவள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோபத்தில் பத்து வருஷமாக அவள் குன்றின் பக்கமே போனதில்லை. வா, வந்து பாரு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார்.

"திருப்புறத்திலேருந்து ஆளு வந்தாச்சு மதினி," என்று குற்றாலிங்கம் பிள்ளை உள்ளே வந்தார். திருப்புறத்தில் குடும்பத்துப் பழைய விளை இருந்தது. பெரியப்பா மகன் கைலாசத்தின் கையில் இருந்தது.

"என்ன சொன்னாவ?"

"கண்டவனுக்கெல்லாம் மண்ணை முறிச்சு வித்தவனுக்கு நம்ம விளையில எடமில்லன்னு சொல்லிட்டாரு." கம்பைச் சுவரில் சாய்த்தார். "ஆத்தங்கரைக்கே கொண்டு போவோம். வேற வழியில்ல."

"அனாதைப் பிணமா அவரு?" என்று மரகதவல்லி எழுந்துவிட்டாள். "அப்படி ஒரு காரியம் நடந்தா என்னையும் சேத்துக் கொண்டு போங்கோ."

அப்போது வாசலில் ஒருவர் செருமினார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுயம்பு நின்றிருந்தார். பனையேறியவர். குன்றில் முதல் துண்டு வாங்கியது அவர்தான்.

"பிள்ளையை எனக்க விளையில வைக்கலாமாக்கும்," என்றார். "சம்மதம் உண்டுமானா."

குற்றாலிங்கம் பிள்ளை மதினியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து, குன்றில் துண்டு வாங்கிய இன்னொருவரான பொன்னையன் குரல் கொடுத்தார்.

"அவனுக்க விளை மேட்டில கெடக்கு. தூக்கிட்டு ஏறணும். எனக்கது பாதையோரமாக்கும்."

"எலே பொன்னையா, நான் மொதல்ல கேட்டாச்சு."

"கேட்டா ஆச்சா? எனக்க விளையில மா நிக்கிது. ஒனக்க விளையில முருங்கையில்லா நிக்கிது!"

பாதையில் குன்றிலிருந்து ஆட்கள் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்தவரான புஷ்பபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க வேதக்காரிய. எரிக்கது எங்களுக்கு வழக்கமில்ல. அதுக்கென்ன, பிள்ளைக்கு வழக்கம் உண்டுல்லா? எனக்க விளையில வைங்கோ. உபதேசியாருட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மரகதவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தவன் வீட்டுப் பிணத்துக்காக இத்தனை பேர் சண்டை போடுவதை அவள் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. பிறத்தியான் சாம்பல் விழுந்த மண் பின்னால் விலைபோகாது. அது இவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள். அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இருபத்தெட்டு வருஷம் யாரோடு இருந்தோம் என்று தோன்றிற்று.

அவள் பாதைக்கே இறங்கிவந்தாள். கூட்டம் அடங்கியது.

"சுயம்பு, ஒம்ம விளையில தெக்க எடம் கெடக்கா?"

"எல்லா விளையிலயும் கெடக்கும்மா. நாலு செண்டு நெலம் வெறுதே விட்டுத்தான் பிள்ளை படம் வரைஞ்சாரு. அதில வீடு கெட்டப்பிடாது, பயிரு வைக்கப்பிடாதுன்னு ஆதாரத்திலயே எழுதியிருக்கு."

"அது எதுக்கு?"

சுயம்பு துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாங்க அடுத்தவன் விளையில குடிகெடந்தவங்க. எங்க அப்பன் செத்தப்போ, பிணத்தை இங்க வச்சா நாளைக்கு இது எனக்க மண்ணுன்னு அவகாசம் கேப்பியான்னு விளைக்காரரு விரட்டிட்டாரு. ஆத்துமணலில வச்சோம். அந்த வருசத்து மழையில ஆறு கொண்டுபோச்சு. குன்றில துண்டு கேக்கப் போனப்போ, இதைச் சொல்லிப் பிள்ளைக்க முன்னால நான் அழுதுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல்ல. வரைஞ்சு வச்சிருந்த படத்தை அப்பமே கிழிச்சாரு. கிருஷ்ணன்குட்டியைக் கூப்பிட்டு, வேற காயிதம் எடுலேன்னாரு." குன்றின் பக்கம் கைகாட்டினார். "அந்த நாலு செண்டிலதான் எங்க அம்மை கெடக்கா. பக்கத்தில எடம் உண்டு."

மரகதவல்லி குற்றாலிங்கம் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"அங்க கொண்டு போங்கோ," என்றாள் மரகதவல்லி.

"மதினி, நம்ம சாதிசனம் என்ன சொல்லும்?"

"சாதிசனம் நாலு முழம் தந்துதா தம்பி? போங்கோ, ஆகவேண்டியதைப் பாருங்கோ."

சற்று நேரத்தில் குன்றிலிருந்து கோடாலிச் சத்தம் கேட்டது. பொன்னையன் விளை மாமரமாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு அதற்கு மேலே இன்னொரு கோடாலி விழுந்தது. இடப்பக்கம் ஒன்று, உச்சியில் ஒன்று. பிறகு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி குன்று முழுக்க வெட்டும் சத்தமாக இருந்தது. ஒரு சிதைக்கு ஒரு மரம் போதும். அவரவர் தன் தன் விளை மரத்தை வெட்டுகிறார்கள் என்று மரகதவல்லிக்குப் புரிந்தது.

"கிறுக்குப் பிடிச்சுப்போச்சா இவனுகளுக்கு?" என்றார் குற்றாலிங்கம் பிள்ளை.

அண்ணனுக்கு மகன் இல்லாததால் அவரே கொள்ளிச்சட்டி எடுத்தார். மத்தியானத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மரகதவல்லி கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்து, ஈரச்சேலையோடு அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. வெயில் சாயத் தொடங்கியும் ஒரு வீட்டிலிருந்தும் கஞ்சி வரவில்லை. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொண்டுவர வேண்டும். இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய காரியமா? மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

குன்றடியில் துண்டு வாங்கியிருந்த உமையம்மாள் பின்பக்கமாக வந்தாள். சொந்தக்காரி. அவளும் தலைமுழுகியிருந்தாள். வெறுங்கை.

"அக்கா, கஞ்சி கொண்டு வரல்ல."

"அதான் தெரியுதே."

"எங்க வீட்டிலயும் அடுப்பு பத்தவைக்கல்ல. குன்றில ஒரு வீட்டிலயும் பத்தவைக்கல்ல. எல்லா வீட்டிலயும் துட்டியாக்கும்."

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பத்தவைச்ச பொறவுதான் நாங்கன்னு சொல்லிட்டாவ," என்றாள் உமையம்மாள்.

மரகதவல்லி எழுந்து முற்றத்துக்கு வந்தாள். குன்று நெடுக ஓலைக்கூரைகள். ஒன்றின் மேலும் புகை இல்லை. ஓரிடத்திலிருந்து மட்டும் கனத்த புகை எழுந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அறிவுகெட்ட சனங்க," என்றாள். "சின்னப்பிள்ளையளு பசிச்சுக் கெடக்குமே."

உள்ளே போய்ச் சுள்ளிகளை ஒடித்து அடுப்பில் வைத்தாள். பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். பற்றவைத்து, குனிந்து ஊதுகுழலால் ஊதினாள். ஓட்டின் இடுக்கு வழியாகப் புகை வெளியே போயிற்று.

உமையம்மாள் முற்றத்தில் நின்று குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுயம்பு வீட்டில பத்தியாச்சு அக்கா," என்றாள். கொஞ்சம் கழித்து, "புஷ்பபாய் வீட்டிலயும். அந்தா, பொன்னையன் வீட்டில. மேல சரசம்மா வீட்டில."

அடுப்பில் தீ நன்றாகப் பிடித்துவிட்டது. மரகதவல்லி ஊதுவதை நிறுத்தவில்லை.