கேட்டால் சொல்கிற கதை

முதல் பல்கலைக்கழகத்தின் கேன்டீனில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூச்சலைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆறு பேர் உட்காரும் மேஜையில் ஒன்பது பேர். ஒருத்தியின் தட்டிலிருந்து இன்னொருத்தி கேட்காமலே எடுத்துத் தின்றாள். சுவரெல்லாம் நாடகக் குழு, மலையேறும் குழு, சதுரங்கக் குழு என்று கையால் எழுதி ஒட்டிய தாள்கள். மகள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு இடத்திலும் அவளுக்கு அதே தாவரவியல்தான் கிடைத்திருந்தது. எங்கே சேரப்போகிறாள் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

நான் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். தலையில் கை வைத்தால் எப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சியும் பேசிவிடுவாள். இருபது வருஷமாக என் வாயும் கத்தரியும் சேர்ந்தேதான் ஓடுகின்றன. அங்கேயும் சடை பாதி அவிழ்ந்து கிடந்த ஒரு பெண்ணிடம், "கண்ணு, கொஞ்சம் திரும்பு" என்று சொல்லிப் பின்னிவிட்டேன். மேஜையே என் பக்கம் திரும்பிவிட்டது.

"ஆன்ட்டி, பேசாம நீங்களே இங்க சேந்துடுங்க!"

"எனக்கு யாரு சீட்டு குடுப்பா? எங்க பாப்பாவைச் சேத்துக்கங்க. பாவம், ஸ்கூல்ல ரெண்டு வருஷமா மாடிப்படில தனியா உக்காந்துதான் சாப்பிட்டிருக்கா."

நல்ல பிள்ளைகள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. "நாங்க பாத்துக்கறோம் ஆன்ட்டி" என்று சொல்லி, அவளை நடுவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். மகள் பல் தெரியச் சிரித்தாள். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுவது போல இருந்தது அது.

அடுத்த இடத்துக்குப் போகும் பேருந்தில் ஐந்து நிறுத்தம் தாண்டியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாடிப்படி விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"உங்க மிஸ்."

"எப்போ?"

"பிப்ரவரில."

"அதுக்கப்புறமும் தினம் சாயந்தரம், யார்கூட சாப்பிட்டேன்னு கேட்டியேம்மா."

கேட்டேன். அவளும் இரண்டு தோழிகளைப் பற்றிச் சொன்னாள். நெட்டச்சி தண்ணீரைக் கொட்டியது, குண்டுப்பொண்ணு டப்பாவை மாற்றி எடுத்து வந்தது. அந்த இரண்டு பேரும் உலகத்திலேயே இல்லை என்று தெரிந்தே வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். என்றாவது ஒருநாள் அவளே நிஜத்தைச் சொல்லட்டும் என்று காத்திருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கதைகள் எனக்கும் வேண்டியிருந்தன. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்றவள் நான். அந்த நெரிசலான மேஜையில் இடம் தேடியது யாருக்காக என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"உன்னைச் சிரிக்க வைக்கறதுக்கு நான் காலைலயே யோசிச்சு வெச்சுக்குவேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

இரண்டாவது பல்கலைக்கழகம் சிறியது. கேன்டீனில் ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. மேஜைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். அவரவர் தட்டு, அவரவர் புத்தகம்.

"என்ன பாப்பா இது, டாக்டரைப் பாக்க டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்காங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதிர்பார்க்காத, அவளுடைய சொந்தச் சிரிப்பு. உடனே அடக்கிக்கொண்டாள்.

"இங்க தனியா உக்காந்தா யாரும் திரும்பிப் பாக்கலம்மா."

"அதாண்டி எனக்குப் பயமா இருக்கு. மூணு வருஷம் ஒரு ஆள்கூட பேசாம போயிட்டா?"

"போகலாம்" என்றாள். "எனக்கும் பயம்தான். ஆனா அங்க போனா மூணு வருஷமும் சிரிக்கணும்."

வாங்கிய தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கை நீட்டினேன்.

"அம்மா, நீ இங்கயே சாப்பிடு. நான் அந்தப் பக்கம் போய் உக்காந்து பாக்கறேன்."

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காலி மேஜைகள் இரண்டைத் தாண்டிப் போனாள். ஜன்னலோரத்தில் ஒரு பெண், விரித்த புத்தகத்தை டம்ளரால் அழுத்தி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் அருகில் போய் நின்றாள். அந்தப் பெண் நிமிரவில்லை. ஒரு கை மட்டும் நீண்டு, எதிர் நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தது.