வாத்து நகர்ந்தபோது

அந்த லாரிக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் வாத்து. அதற்கு முன் வந்த டிரெய்லர் லாரிகளுக்கெல்லாம் பீரோ மாதிரி சதுர முகம். காற்றை முட்டி முட்டித்தான் ஓடும். இதற்கு மட்டும் நீண்டு சரிந்த மூக்கு. புதிதாக வந்தபோது டீசல் பங்கில் நின்றவர்கள் வாத்து போலக் கத்திக் கேலி செய்தார்களாம். அது குடிக்கிற டீசல் எவ்வளவு குறைவு என்று தெரிந்ததும் அதே ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கம்பெனியாகச் சதுர முகத்தைக் கைவிட்டது. இன்று சாலையில் போகிற எந்த டிரெய்லர் லாரியிலும் வாத்தின் சாடை கொஞ்சமாவது இருக்கும்.

அசல் வாத்துகள் அநேகமாக எல்லாமே பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஓடுகிற நிலையில் இருந்த ஒன்றை ஒரு அம்மாள் வைத்திருந்தார். தன் வயதில் பாதியை அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தவர். அந்த வண்டியை அளப்பதற்குத்தான் மில்லியும் அவள் கணவனும் போட்டோ எடுக்கும் படக்காரரும் வந்திருந்தார்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற உலோக வண்டிகள் செய்யும் சின்னக் கம்பெனியில் அவர்களுக்கு வேலை. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்ப்பார்கள். வரைபடம் போடுவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் மில்லி. கணவன் அங்கேயே பெயின்டர். வாத்துக்கு வேறொரு கம்பெனி முன்பே ஒரு பொம்மை வண்டி வெளியிட்டிருந்தது. வெறும் போட்டோவைப் பார்த்துச் செய்தது. மூக்கு குட்டையாகி, வாத்து கோழியாகிவிட்டது என்று வாங்கியவர்கள் திட்டினார்கள். அதனால் இந்த முறை அசலையே தொட்டு அளப்பது என்று முடிவு.

வெளிச்சத்துக்காக அந்த அம்மாள் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து முற்றத்தில் நிறுத்தினார். முற்றம் தெருப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.

"ஹேண்ட் பிரேக் செத்துப்போச்சு. சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கேன், பயமில்ல. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மில்லி கேபினில் ஏறினாள். பெயின்டர் அடிப்பக்கத்து நிறத்தைப் பார்க்க ஒரு அட்டையை விரித்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனான். படக்காரர் மூக்குக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கியர் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராக நின்றால்தான் உயரத்தைச் சரியாக எடுக்க முடியும். மில்லி அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கியரிலிருந்து எடுத்துவிட்டோம் என்ற நினைப்பே இல்லாமல் அளவுநாடாவைப் பிடித்தாள்.

வெளியே மரக்கட்டையை உருட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் கவனிக்கவில்லை.

பிறகு ஜன்னலுக்கு வெளியே கொட்டகையின் தூண் மெல்லப் பின்னால் போயிற்று. தூண் ஏன் நகர்கிறது என்று ஒரு கணம் வேடிக்கையாகப் பார்த்தாள். அடுத்த கணம் புரிந்தது. நகர்வது தூண் இல்லை.

"ஏங்க! வெளிய வாங்க! வண்டி போகுது!"

கீழேயிருந்து, "என்னடி ஆட்டுற? கொஞ்சம் சும்மா இரேன்!" என்று குரல் வந்தது.

"நான் ஆட்டல! வாங்க வெளிய!"

பிரேக்கை மிதித்தாள். காற்றின் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக் அது; எஞ்சின் நின்றதுமே காற்றெல்லாம் கசிந்துவிடும் பழைய வண்டி. மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. முன்னால் படக்காரர் காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். கீழே தகரத்தில் ஏதோ மோதியது. கணவன் ஒரு முறை "ஐயோ" என்றான். அதன்பின் ஒன்றுமில்லை.

இறங்கி ஓடலாமா? ஓடி என்ன செய்வது, லாரியைக் கையால் பிடிக்கவா? அப்போதுதான் தான் இழுத்த கம்பி நினைவுக்கு வந்தது. அது சாய்ந்திருந்தவரை வண்டி சும்மாதானே இருந்தது!

கம்பியைத் தள்ளினாள். கறகறவென்று பல்லைக் கடித்தது, உள்ளே போகவில்லை. பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் ஒன்றை அழுத்தும். இடது ஓரத்து மிதியின் மேல் இரண்டு காலையும் வைத்து எழுந்தே நின்றுவிட்டாள். கம்பியை உடம்பு மொத்தத்தாலும் தள்ளினாள். மறுபடி கறகற. பிறகு எதிலோ போய் விழுந்தது. காலை எடுத்தாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவள் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"ஏங்க?"

பதில் இல்லை.

"ஏங்க, பேசுங்க! ஏதாவது பேசுங்க!"

கம்பியிலிருந்து கையை எடுக்க அவளுக்குப் பயம். எடுத்தால் மறுபடி நகருமோ? குனிந்து பார்க்கவும் பயம். பார்த்தால் என்ன தெரியுமோ? கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அந்த அம்மாள் ஓடிவந்து கட்டைகளைச் சக்கரத்தில் உதைத்துச் செருகுவது கேட்டது. பிறகு அவர் குரல்: "தம்பி, காலை இழுக்காதீங்க. அப்படியே இருங்க."

காலா? எந்தக் கால்? இருக்கிற காலா, போன காலா?

"பேன்ட் மாட்டியிருக்கும்மா," என்றது கீழேயிருந்து ஒரு சின்னக் குரல். "கால் இருக்குன்னுதான் நெனக்கிறேன். கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன்."

மில்லி அப்போதுதான் அழுதாள்.

பின்சக்கரம் அவன் பேன்ட்டின் ஓரத்தின் மேல் ஏறி நின்றிருந்தது. கணுக்காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். கத்தரியால் துணியை வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் அட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

படக்காரர் கிட்டே வரவில்லை. "நான்தான் கட்டையை எடுத்தேன். படத்துல அசிங்கமா தெரிஞ்சுது..." என்றார்.

"நான்தான் கியர எடுத்தேன்," என்றாள் மில்லி.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கியர்லயும் போட்டிருக்கேன், தொடாதீங்கன்னு சொல்லாமப் போன என்னையும் சேர்த்துக்கோங்க," என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்தார்.

அன்று வேலை அதோடு நின்றது. வீட்டுக்கு வந்தும் மில்லிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கணவன் புரண்டு படுத்தபோதெல்லாம் திடுக்கிட்டு அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

அடிப்பக்கத்து அளவுகள் பாக்கியிருந்தன. குத்துமதிப்பாகப் போட்டுக்கொள் என்றார் முதலாளி. குத்துமதிப்பு என்ற சொல் மில்லிக்கு ஆகாது. அடுத்த வாரம் மறுபடி போனார்கள். இந்த முறை வண்டி கொட்டகையின் சமதரையிலேயே நின்றது. எல்லாச் சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை. அந்த அம்மாளே கேபினில் காவல் இருந்தார்.

"நானே போறேன்," என்றான் பெயின்டர். சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"நீங்க போய்ட்டு வந்தது போதும். நான் போறேன். ஆனா பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தினீங்கன்னா செத்துருவேன்."

அவள் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். முகத்துக்கு மேலே கறுப்பு இரும்பு வானம் போல இறங்கி நின்றது. எங்கேயோ ஒரு துளி எண்ணெய் சொட்டியதற்கே உடம்பு தூக்கிப்போட்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகத்தில் அளவுநாடா ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள்.

வெளியே அவன் பேசினான். வீட்டு வாடகை, அக்கா பிள்ளையின் பல்வலி, மாடியில் ஒழுகும் குழாய். விஷயம் தீர்ந்ததும் தடுமாறினான்.

"சொல்லுங்க!" என்று கத்தினாள்.

வேறு வழியில்லாமல் அவன் டயரில் பொறித்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க ஆரம்பித்தான். கேபினிலிருந்து அந்த அம்மாள், "தம்பி, அந்தப் பக்கத்து டயரும் இருக்கு," என்றார். கீழே நடுங்கிக்கொண்டே மில்லி கடைசிச் சக்கர அச்சின் நீளத்தை எடுத்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் எடுத்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.