முதுகு காட்டிய வண்டி

சீட் நேராகத்தான் இருந்தது.

சித்தப்பா சரிவுக்குக் கீழே புல்லில் கிடந்தார். அப்பா முதலுதவிப் பெட்டியோடு பாதி உட்கார்ந்தும் பாதி சறுக்கியும் அவரிடம் இறங்கிக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த ஆறு பேரும் சைக்கிள்களைச் சாலையிலேயே போட்டுவிட்டுச் சுவரோரம் எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் ஆளைப் பார்க்க, அவள் மட்டும் வண்டியைப் பார்த்தாள்.

ஒன்பதாவது வளைவின் கல்சுவரில் மோதிக் கிடந்தது ஆறாம் நம்பர் வண்டி. முன்சக்கரம் எட்டு போட்ட மாதிரி வளைந்திருந்தது. முன் பிரேக் கம்பி அறுந்து, நுனி துடைப்பமாய் விரிந்திருந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கம், பெடல் ஒரு பக்கம். இத்தனை தாறுமாறிலும் சீட் மட்டும் அசையவில்லை. மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது.

அதை நேராக்கி வைத்தது அவள்தான். காலை ஏழே முக்காலுக்கு.

"பாப்பா! கேட்டுக்கு மறுபடி போன் போடு!" கீழிருந்து அப்பா கத்தினார். "சங்கிலியைத் திறந்து வைக்கச் சொல்லு. ஆம்புலன்ஸ் அங்க வந்து நிக்கக் கூடாது!"

இரண்டு முறை தப்பான நம்பரை அழுத்தினாள். மூன்றாவது முறை காவலாளி எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒன்பது, ஒன்பது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த மலைப் பூங்காவில் இன்ஜின் வைத்த எதற்கும் அனுமதி கிடையாது. மேல் கேட்டிலிருந்து கீழ் கேட் வரை பதினாலு கிலோமீட்டர், பதினொரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தூரத்தில் ஏரி. 'ஹாரன் சத்தமே இல்லாத சாலை' என்று மேல் கேட்டருகே அவர்களுடைய வாடகை சைக்கிள் கடைப் பலகையில் சித்தப்பா தன் கையால் எழுதியிருந்தார். போன் வந்ததும் அப்பாவும் அவளும்கூட சைக்கிளில்தான் இறங்கி வந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊருக்குள்ளிருந்து மலையேறி வர வேண்டும். வரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஏதோ ஒரு பறவைதான் கத்திக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லாததால் சரிவில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மேலே கேட்டது.

"அசையாதடா. அப்படியே இரு. எங்க வலிக்குது?"

"வலியே தெரியலண்ணா. அதான் பயமா இருக்கு." பிறகு, "அண்ணா... சீட் நேராத்தானே இருந்துச்சு?"

குறை சொல்லும் குரல் இல்லை அது. கணக்கைச் சரியாகப் போட்டும் விடை ஏன் தப்பாக வந்ததென்று கேட்கும் பிள்ளையின் குரல். பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டதை மேலிருந்து அவள் பார்த்தாள்.

அவர்கள் கடையில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. பழுதான வண்டிக்கு அட்டை கட்டிப் பார்த்தார்கள், மலைக்காற்று கொண்டுபோனது. சாக்பீஸால் கோடு போட்டார்கள், பனி அழித்தது. கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். சீட்டின் அடியில் உள்ள லீவரைத் தளர்த்தி, சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி இறுக்கிவிடுவார். அதில் எவனும் தெரியாத்தனமாக ஏறி உட்கார முடியாது. வீட்டில் அதற்கு 'முதுகு காட்டுது' என்று பெயர். பதினாறாம் நம்பர் முதுகு காட்டுது என்றால் அதை யாருக்கும் தரக்கூடாது. அப்பா கோபத்தில் இருக்கும் நாட்களில் சித்தப்பா சமையலறைக்குள் தலையை நீட்டி, "அண்ணி, இன்னைக்கு அண்ணன் முதுகு காட்டுறார். கிட்டப் போயிடாதீங்க" என்பார். அவள் பரீட்சையில் மார்க் குறைந்து மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தபோதும் அதையேதான் சொன்னார்.

சட்டத்தின் மறுபாதி அதைவிட முக்கியம். சீட் நேராக இருந்தால் வண்டி சரியாக இருக்கிறது. சித்தப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு தினமும் முன்னால் போகிறவர். மற்றவர்களுடைய பிரேக்கைச் சும்மா அழுத்திப் பார்ப்பார், தன்னுடையதைப் பார்க்கவே மாட்டார். கேட்டால், "எங்கண்ணன் கை பட்ட வண்டியை நான் சோதிக்கிறதா? அப்புறம் சாப்பாட்டையும் அண்ணி முன்னாடி மோந்து பாத்துட்டுத்தான் சாப்பிடணும்" என்று சிரிப்பார்.

ஆறாம் நம்பரை அப்பா நேற்று சாயங்காலம் திருப்பி வைத்தார். பின் பிரேக் கட்டை தேய்ந்து காகிதமாகிவிட்டது. முன் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது. நின்ற இடத்தில் அழுத்தினால் பிடிக்கும், இறக்கத்தில் கைவிட்டுவிடும். அந்த ரகம். புதுக் கம்பி இன்றைக்கு வருவதாக இருந்தது.

காலையில் வண்டிகளைத் துடைப்பது விடுமுறையில் அவள் வேலை. முந்தின நாள் சித்தப்பா அவளிடம் சொல்லியிருந்தார்: "மேனேஜரம்மா, நம்ம படையை வரிசையா நிறுத்தி ஒரு போட்டோ எடு. பின்னாடி ஏரி தெரியணும். புதுப் பலகைல அதைத்தான் போடப்போறேன்." பனி விலகி ஏரி தெரிந்த அந்த நேரத்துக்காக அவள் காத்திருந்தாள். பதினெட்டு வண்டியும் வரிசையாக நின்றன. ஆறாவது மட்டும், வகுப்பு போட்டோவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் பிள்ளை மாதிரி படத்தையே கெடுத்தது.

லீவரைத் தளர்த்தினாள். ஒரு திருப்பு. இறுக்கினாள். மூன்று படம் எடுத்தாள்.

திரும்ப மாற்றத்தான் போனாள். கை லீவர் மேலேயே இருந்தது. அதற்குள் எட்டரைக்கு வர வேண்டியவர்கள் அப்போதே வந்து நின்றார்கள். ஒரு அம்மாள், "இந்தத் தொப்பி என் தலைக்கு ஏறவே மாட்டேங்குதும்மா" என்றார். அவள் வேறு ஹெல்மெட் தேட உள்ளே போனாள்.

அவ்வளவுதான். உள்ளே போனாள்.

வந்தவர்களில் ஒருவர் பனைமர உயரம். அவருக்கு எந்த வண்டியும் ஒத்துவரவில்லை. "என்னோடதை எடுத்துக்குங்க சார். முழங்கால் மூக்குல இடிச்சா நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க" என்று சித்தப்பா தன் வண்டியைக் கொடுத்துவிட்டு, வரிசையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தார். அப்பா பின்கட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தது சித்தப்பா காலைத் தூக்கி ஏறுவதை மட்டும்தான். எந்த நம்பர் என்று பார்க்கவில்லை.

"வரட்டா மேனேஜரம்மா! போட்டோவை அனுப்பு!"

அவள் கையாட்டினாள். நன்றாகவே, சிரித்துக்கொண்டே ஆட்டினாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் எல்லாரும் அசைய வேண்டும். அப்பா முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். நக இடுக்கில் கிரீஸ், அதன் மேல் காய்ந்த ரத்தம். டாக்டர் வந்து முதுகெலும்பு என்றார். காலில் உணர்ச்சி இல்லை என்றார். திரும்பி வருமா என்பதற்கு, "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

சித்தி கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கால் செருப்பு ஜோடி மாறியிருந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடதும்மா. சீட்டைத் திருப்ப மறந்துட்டேன் போலிருக்கு."

சித்தி கத்தியிருந்தால் தேவலை. தணிந்த குரலில்தான் பேசினாள்.

"ஒரு வருஷமா மறக்கிறீங்க மாமா. சாவியைத் தொலைச்சீங்க, சிரிச்சோம். அடுப்பை அணைக்காம கடைக்குப் போனீங்க, அதுக்கும் சிரிச்சோம். டாக்டர்கிட்ட போங்கன்னு அவர்தான் கெஞ்சினார். இதுக்கும் சிரிக்கட்டுமா?"

பதிலுக்கு நிற்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. "அப்பா" என்றுகூடக் கூப்பிட்டுவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்ததும், "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

சுவர்ப் பக்கம் திரும்பி போனை எடுத்தாள். படம் அருமையாக வந்திருந்தது. பின்னால் ஏரி, அதன் மேல் கொஞ்சமே கொஞ்சம் பனி. பதினெட்டு சீட்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் நேரம்கூட இருந்தது. அழிக்கிற பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தாள். அழிக்கவில்லை. காட்டவும் இல்லை. போன் தானாக அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இங்க வா."

அப்பா பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தாள். வரிசை முழுவதும் கிறீச்சிட்டது.

"நேத்து சாயங்காலம்..." அவர் வெறுங்கையைக் காற்றில் வைத்து, இல்லாத லீவரைத் தளர்த்தினார். இல்லாத சீட்டைத் திருப்பினார். இறுக்கினார். "இப்படித்தான் செஞ்சேன். கண்ணுல அப்படியே நிக்குது. லீவர் ஜில்லுனு இருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு." கையை மடியில் போட்டுக்கொண்டார். "ஆனா அன்னைக்கு அடுப்பை அணைச்சதும் இப்படித்தான் கண்ணுல நின்னுச்சு."

அவள் அவருடைய நகங்களைப் பார்த்தாள்.

"என் தலையை நானே நம்ப முடியலன்னா, நாளைக்கு எந்த வண்டியைச் சரின்னு சொல்லி ஒருத்தர் கையில கொடுப்பேன்? இனிமே ஸ்பானரைத் தொடறதா இல்ல. கடையை வேணா அம்மா பாத்துக்கட்டும்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா."

"சொல்லலன்னா மட்டும்?" பிறகு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பையன் மாதிரி இருந்தது அவர் முகம். அப்பாவுக்கு அப்படியொரு முகம் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"நீதானே காலைல எல்லா வண்டியையும் தொடச்சே. யோசிச்சு, உள்ளதைச் சொல்லும்மா. ஆறாம் நம்பர் முதுகு காட்டிச்சா, இல்லையா?"