எங்கள் அப்பா குடிக்கமாட்டார்

எங்கள் அப்பா ஆயுளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. டிப்போவில் அவருக்குப் பெருங்குடிகாரர் என்று பெயர். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் சில வருடங்கள் சமாளித்தோம்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர்கள் ஒரு மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும். அப்பா தோளைக் குலுக்கிக்கொண்டு, ஒரு கால் கிழக்கே இழுக்க இன்னொரு கால் மேற்கே போக, வந்து நின்று ஊதுவார். மெஷின் பூஜ்யம் காட்டும். சூப்பர்வைசர் அப்பாவைப் பார்ப்பார், மெஷினைப் பார்ப்பார், மெஷினை ரிப்பேருக்கு அனுப்புவார். புது மெஷின் வரும். அதுவும் பூஜ்யம் காட்டும். கடைசியில் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது: இந்த ஆள் எந்த மெஷினுக்கும் அகப்படாத ஏதோ ஒரு சரக்கை அடிக்கிறார்.

ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை வைக்கும் அறைக்கு அவரை அனுப்பினார்கள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். யாராவது தேடி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா எடுத்துக் கொடுப்பதற்குள் குடை இரண்டு தடவை கீழே விழும். அந்த நாற்காலியும் தொழிற்சங்கத் தலைவர் போராடி வாங்கித் தந்ததுதான். குடிகாரர்களைக் காப்பாற்றுவதில் தலைவர் கைதேர்ந்தவர். மெமோ, மன்னிப்பு, குடிமறப்பு வகுப்பு, மறுபடி வேலை என்று அதற்கு ஒரு தடமே போட்டு வைத்திருந்தார். அப்பாவும் மறுபேச்சு இல்லாமல் அந்த வகுப்புக்குப் போனார். இதுவரை ஒரு நாள்கூட மறுபடி குடிக்காத ஒரே மாணவர் என்று கடைசி நாளில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

உண்மையில் அவருக்கு இருந்தது ஹன்டிங்டன் என்ற நோய். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கை கால் தன் இஷ்டத்துக்கு ஆடும். பேச்சு குழறும். பிறகு நினைப்பும் குணமும் கலையும். ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, நோயை நிறுத்த எதுவும் இல்லை. பரம்பரையாக வருவது. அப்பாவின் அப்பா இளம் வயதிலேயே விபத்தில் போய்விட்டதால், அது சத்தம் காட்டாமல் எங்கள் வீடு வரை வந்து சேர்ந்திருந்தது.

டாக்டர் இதைச் சொன்ன அன்று நாங்கள் நான்கு பேரும் அவர் முன்னால் இருந்தோம், நாற்காலி இரண்டுதான். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அப்போ இவர் குடிக்கலைன்னு ஆயிடுச்சு, இல்லையா டாக்டர்?" அப்பா கேட்டது, "பிள்ளைங்களுக்கு?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ரத்தம் கொடுத்தா தெரிஞ்சுக்கலாம். கட்டாயம் கிடையாது."

"எனக்குத் தெரிய வேணாம்" என்றாள் அக்கா.

"எனக்கு எந்த ரிசல்ட்டுமே வேணாம் டாக்டர். காலேஜ்லயே சொல்லி வச்சிருக்கேன்" என்றேன் நான். டாக்டர் சிரிக்கவில்லை. கல்லூரியில் என்னைப் பார்த்தாலே சிரிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களை அழைத்துப் போயிருக்க வேண்டும்.

அக்கா அதே டிப்போவில் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதற்காக அவள் அங்கே சேரவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து வலது பக்கம் திருப்பி ஹாரன் அடித்தவள். ஓட்டுநர் பயிற்சியை முடித்துவிட்டு, பேருந்தைத் தன்னிடம் தரும் உத்தரவுக்காகக் காத்திருந்தாள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டு அதன் நிறமே மாறிவிட்டது. அவள் கை உறுதியாக இருந்தது. பரிசோதகர் பயிற்சி வண்டியில் தேநீர்க் குவளையை வைத்துப் பார்த்தாராம், சிந்தவில்லையாம்.

அம்மாவுக்கு வேண்டியது வேறு. எங்கள் மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவளுக்கு யாராவது ஒருத்தி யோசனை சொல்வாள். "குடி மறக்க மருந்து இருக்கு, சாப்பாட்டுல கலந்து குடுத்துடுக்கா. வாசனையே தெரியாது. என் கொழுந்தன் இப்போ பால்தான் குடிக்கிறான்." குடிகாரன் பொண்டாட்டி என்ற பட்டம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஊரைக் கூட்டி, இவர் குடிக்கவில்லை என்று ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட வேண்டும். அதற்காக நரம்பு நோயாளிகள் சங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதன் செயலாளர் மேடம் சேலையில் ரிப்பன் குத்திக்கொண்டு வந்து, டிப்போவிலேயே ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம் என்றார்.

அப்பா, "வேணாம்" என்றார்.

"ஏன் வேணாம்?" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு வாக்கியம் முடிய நேரம் பிடிக்கும். அதற்குள் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மேடம் தந்த துண்டுப் பிரசுரத்தில், காரணமில்லாத பிடிவாதம் அறிகுறிகளில் ஒன்று என்று போட்டிருந்தது. அப்பா மறுபடி வேண்டாம் என்றார். அறிகுறி முற்றிவிட்டதாக நாங்கள் கவலைப்பட்டோம்.

கூட்டம் வண்டி கழுவும் கொட்டகையில் நடந்தது. ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் நல்ல கூட்டம். அம்மா நல்ல புடவை உடுத்தி முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அப்பா. அவருடைய கால் எதிரே இருந்த வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தது. தொகுத்து வழங்கியது நான். கலகலப்பாக இருக்கட்டும் என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சூப்பர்வைசர் உட்பட. பிறகு மேடம் பேசினார். இவர் குடிகாரர் இல்லை என்றார். இது பரம்பரையாக வரும் நோய் என்றும் சொன்னார். மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்து அப்பாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். கால் நிற்காததால் இரண்டாவது முயற்சியில்தான் தொட முடிந்தது. அம்மா அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார் மேடம்.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. "பரம்பரைன்னீங்களே மேடம். பிள்ளைங்களுக்கும் வருமா?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. முப்பது, நாப்பது வயசுல மெதுவா ஆரம்பிக்கும். ஆரம்பத்துல அவங்களுக்கே தெரியாது."

எல்லாத் தலைகளும் முதலில் என் பக்கம் திரும்பின. நான் மைக் பிடித்திருந்த கையைப் பார்த்தார்கள். பிறகு, ஒரே காற்றில் சாய்ந்த மாதிரி, கொட்டகையின் ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நின்ற அக்காவின் பக்கம் திரும்பின. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். அதையும் பார்த்தார்கள்.

வாளி உருண்டது. அப்பா எழுந்து வெளியே நடந்துகொண்டிருந்தார்.

அன்று வீட்டில் அவர் அந்த வாக்கியத்தை முடித்தார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கடைசி வரை காத்திருந்தோம். "குடி... என்னோட போயிடும். இது போகாதே."

டாக்டர் சொன்ன பிறகும் குடிமறப்பு வகுப்புக்கு அவர் ஏன் மறுபேச்சு இல்லாமல் போய்வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அம்மா புடவையை மாற்றாமல் அப்படியே படுத்துவிட்டாள்.

சில நாட்களில் டிப்போ மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். கத்தவில்லை, உட்காரச் சொன்னார். "எனக்கு உன் மேல ஒரு சந்தேகமும் இல்லம்மா. ஆனா பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஒண்ணுன்னா, தெரிஞ்சே குடுத்தியான்னு கேப்பாங்க. டெஸ்ட் எடுத்துட்டு வா. இல்லைன்னு வந்தா அன்னைக்கே சாவி தர்றேன்."

"இருக்குன்னு வந்தா சார்?"

மேனேஜர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

சங்கத் தலைவரிடம் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, குடின்னே விட்டிருந்தா நான் பாத்திருப்பேனே! மெமோவுக்கு என்கிட்ட பதில் இருக்கு. சஸ்பெண்டுக்கு பதில் இருக்கு. ரத்தத்துல இருக்குன்னா நான் யாரை எதிர்த்துக் கொடி பிடிக்கறது?" அதே வாரம் அப்பாவை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். மருத்துவக் குழு வீட்டுக்கு அனுப்பியது. சாமான் அறைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார், அசல் குடிகாரர்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மதுக்கடைக்கு வா என்றார்.

கடைக்காரர் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "ஏற்கனவே ஓவரா இருக்கு பெரியவரே. வீட்டுக்குப் போய்ப் படுங்க. தம்பி, கூட்டிட்டுப் போப்பா." அப்பா என்னைப் பார்த்தார். நானே வாங்கினேன். சந்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்து, அவர் காபி குடிக்கும் மூடி போட்ட டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயில் புரையேறிக் கண் பிதுங்கியது. முதுகைத் தட்டினேன். "இதையா... காசு குடுத்து?" என்றார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் விழுங்கினார்.

டிப்போவுக்குப் போனோம். மேனேஜர் அறையில் சங்கத் தலைவரும் இருந்தார். அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். "நான் குடிகாரன்! எப்பவும் குடிகாரன்! நோய்... பொய். பொண்ணுக்கு... ஒண்ணும் கிடையாது. சாவி குடு!"

மேனேஜர் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். தலைவர் அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "தெரியும்ணே. இப்போ எங்களுக்கு எல்லாம் தெரியும்ணே. இது நீங்க இல்ல, நோய் பேசுது."

"சார், ஊதிப் பாருங்க" என்றேன் நான். "நிஜமாவே குடிச்சிருக்கார்."

"கவலையில குடிச்சிருப்பாருப்பா. பாவம், அதுக்கும் நோய்தானே காரணம்?" என்றார் மேனேஜர். அவர் கண் கலங்கியிருந்தது. மேடம் அவ்வளவு நன்றாக விளக்கியிருந்தார்.

செய்தி கேட்டு அக்கா ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பா மறுபடி, "குடிகாரன்மா நான்" என்றார். யாரும் மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள்.

அவரை வீட்டுக்குக் கூட்டிப் போக நாங்கள் ஒரு பேருந்தில் ஏறினோம். பழக்கமில்லாத வயிறு. கொஞ்ச தூரம் போனதும் அப்பா வாந்தி எடுத்தார். முன் இருக்கைக்காரர் துள்ளி எழுந்தார்.

"பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்து உயிரை வாங்கறானுங்க! கண்டக்டர், முதல்ல இந்தக் குடிகாரனை இறக்கு!"

கண்டக்டர் எங்கள் டிப்போக்காரர். கூட்டத்துக்கு வந்தவர். "அப்படிச் சொல்லாதீங்க சார். அவர் குடிகாரர் இல்ல. அது மூளையில வர்ற ஒரு அபூர்வமான..."

"குடிச்சிருக்காரு சார்" என்றாள் அக்கா. வண்டி முழுக்கக் கேட்கிற, டிக்கெட் கேட்கும் குரல். "நல்லாவே குடிச்சிருக்காரு. எங்க அப்பாதான். நான் தொடச்சிடறேன்."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. நீயாவது அப்பனைத் திருத்தக் கூடாதாம்மா?" என்று பயணி நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லிப் பாத்துட்டேன் சார். கேக்க மாட்டேங்கறார்."

அப்பா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கோணியது. அது சிரிப்பா, நோயின் இழுப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா கண்டக்டரிடம் பழைய செய்தித்தாள் வாங்கி, குனிந்து தரையைத் துடைத்தாள். குனிந்தபடியே என்னிடம் சொன்னாள்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரத்தம் குடுக்க."

"வேணாம்னுதானே இருந்த?"

"எனக்கு வண்டி வேணும்டா."

"சரி, நானும் வர்றேன்."

"நீ வராத."

"ஏன்? தனியாவா போவ?"

"வந்தா, தம்பிக்கும் சேர்த்து எடுத்துடலாமான்னு கேப்பாங்க. நீ காலேஜுக்குப் போ."

நான் சரி என்றேன். எங்கள் நிறுத்தம் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து அப்பாவை இறக்கினோம். அவர் எடை முழுவதும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது.